மாடிக்காரர் பேப்பர்

கேட்டைத் தாண்டிப் பேப்பர் வந்து விழும் சத்தம், அடுப்பில் பால் பொங்கும் சத்தத்தைவிட புவனேஸ்வரிக்கு நன்றாகக் கேட்கும். மாலை நாலு மணிவாக்கில் பேப்பர்காரர் வண்டியை நிறுத்தாமலே வீசிவிட்டுப் போவார். அந்த நேரத்துக்குக் கணவர் முத்துச்சாமி நடைப்பயிற்சிக்குக் கிளம்பியிருப்பார். மகள் சுகன்யா தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கமாட்டாள். பேப்பர் அவர்களுடையது இல்லை, மாடியில் குடியிருக்கும் பொன்னழகுவுடையது. அவர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். வீடு திரும்ப இருட்டிவிடும். அதுவரைக்கும் அது சும்மாதானே கிடக்கிறது என்று புவனேஸ்வரி எடுத்துக்கொள்வாள்.

எடுத்ததும் படித்துவிடமாட்டாள். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். சமையற்கட்டுத் தரையில் பேப்பரை விரித்து, ஒரு ஓரமாகச் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, கத்தியோடு உட்காருவாள். யாராவது வந்தால் அவள் வெங்காயம் உரிக்கிறாள், அவ்வளவுதான். பேப்பரை விரிக்காமல் எந்த வீட்டில் வெங்காயம் உரிக்கிறார்கள்? தோலை ஒதுக்கி ஒதுக்கிப் படிப்பாள். முகூர்த்த நேரத்தில் காணாமல் போன மாப்பிள்ளை, வரப்புத் தகராறில் அண்ணனை வெட்டிய தம்பி, இரண்டு பெண்டாட்டிக்காரரின் வீட்டு வாசலில் நடந்த அடிதடி. பாவப்பட்ட பெண் யாருக்காகவாவது கண்ணில் தண்ணீர் வந்தால் அதையும் வெங்காயத்தின் கணக்கில் எழுதிவிடலாம். முடிந்ததும் தோலை உதறி, பழைய மடிப்பிலேயே மடித்து, மாடிப்படிக் கம்பியில் செருகி வைத்துவிடுவாள்.

அவளுக்கு அந்தப் பேப்பர் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று சொல்லத்தான் வெட்கம். அந்த வீட்டில் பேப்பர் என்றால் காலையில் வருவதுதான். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற முத்துச்சாமி அதைத் தலையங்கத்திலிருந்து ஆரம்பித்து, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டுப் படிப்பார். அவரைக் கேட்காமல் ரிசர்வ் வங்கி ஒன்றும் செய்யாது என்பது போல முகத்தை வைத்துக்கொள்வார். மாலைப் பேப்பர் படிக்கிறவர்களைப் பற்றி அவருக்கு முடிவான அபிப்பிராயம் உண்டு.

"அடுத்தவன் வீட்டு சன்னல எட்டிப் பாக்குறவந்தான் அதக் காசு குடுத்து வாங்குவான்."

சொல்லும்போது கண் மாடிப்பக்கம் போய்வரும். பொன்னழகுவுக்கு நாற்பது தாண்டிவிட்டது, மனைவியைப் பிரிந்தவர், தனி ஆள். முத்துச்சாமிக்கு அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை. புவனேஸ்வரியும் "ஆமாங்க" என்பாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உள்ளே எதுவோ குறுகும். மறுநாள் நாலு மணிக்கு அது நிமிர்ந்துகொள்ளும்.

தை மாதத்தில் ஒரு நாள் பொன்னழகு படியில் நின்று போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் போனை அணைத்தார். கீரனூர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் அந்தப் பக்கத்து மரியாதை இருக்கும்.

"ஏனுங்கக்கா, பேப்பர நிறுத்திரட்டுங்களான்னு பேப்பர்காரரு கேட்டாருங்க. நான் சேதியெல்லாம் இதுலயே பாத்துக்கறனுங்க. ஆனாலும் இருக்கட்டும்னு சொல்லிப்போட்டனுங்க."

"அது ஒங்க இஷ்டம் தம்பி. எங்களுக்கென்ன" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே வந்துவிட்டாள். போனிலேயே பார்க்கிறவருக்குப் பேப்பர் எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை. நிறுத்தவில்லை என்ற நிம்மதியே போதுமாக இருந்தது.

சுகன்யாவைப் பெண் பார்க்கச் சின்னாளப்பட்டியிலிருந்து வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கேசரி கிண்டியாயிற்று, பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவியாயிற்று. முத்துச்சாமி வெற்றிலைப் பாக்கு வாங்கப் போயிருந்தார். சுகன்யா அறைக்குள் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். செத்த நேரம் உட்காரலாம் என்று புவனேஸ்வரி முன்னறை சோபாவில் உட்கார்ந்தாள், கையில் பேப்பர். அன்றைக்கு வெங்காயம் இல்லை. நல்ல நாளும் அதுவுமாக முதல் பக்கத்தில் அப்படியொரு சேதி. பாதி படித்திருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள், பின்னாலேயே முத்துச்சாமியும். அவள் பேப்பரைச் சோபாக் குஷனுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து கைகூப்பினாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் கனத்த ஆள். இருக்கிற நாற்காலிகளையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் குஷனில்தான் உட்கார்ந்தார். சரசரவென்றது. கையை விட்டு இழுத்தார். இழுத்தவர் சும்மா இருக்காமல் வாய்விட்டும் படித்தார்.

"மாமியாருடன் மருமகன் ஓட்டம். இளம்பெண் கண்ணீர்ப் புகார்."

மாமியாராகப் போகிற புவனேஸ்வரி கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள். மாப்பிள்ளைப் பையன் மின்விசிறியைப் பார்த்தான். முத்துச்சாமி முகத்தில் ரத்தம் ஏறியது.

"அது நம்ம பேப்பர் இல்லைங்க. மாடியில குடியிருக்காரு ஒருத்தர், அவருது. மோட்டார் போடச் சொல்லி வந்தாரு, மறந்து வச்சுட்டுப் போயிருப்பாரு."

"குடும்பமா இருக்காரா?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

"இல்ல, ஒண்டி ஆளுதான்."

"வீட்டுக்குள்ள வரப் போக இருப்பாரா?"

அறைக் கதவருகே காப்பித் தட்டோடு சுகன்யா நின்றுவிட்டாள். அவர் ஒரு நாளும் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். அம்மாவைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடலாம், சிரித்துக்கொண்டே சொன்னால் சிரிப்போடு போய்விடும் என்று புவனேஸ்வரிக்குத் தோன்றியது. "பஜ்ஜி ஆறிரும், எடுத்துக்கங்க" என்றுதான் வாயில் வந்தது.

மறு வாரம் ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். ஏற்கெனவே பொருத்தம் பார்த்து வந்த ஜாதகம். முத்துச்சாமி துருவிக் கேட்டதும், "வயசுப் புள்ள இருக்க வீட்டுல அப்பிடிப்பட்ட ஆளக் குடி வச்சிருக்கீங்களேன்னு பேசுறாக" என்றார் தரகர். சுகன்யா இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டை அறைக்கே எடுத்துக்கொண்டு போனாள். பெற்ற மகளுக்கும், ஒரு பாவமும் அறியாத மனிதருக்கும் சேர்த்துப் புவனேஸ்வரி கெடுதல் செய்துவிட்டாள். அதுவும் எதற்காக? படிக்கிறவள் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துச்சாமி மாடி ஏறினார். கோபத்தில் ஏதாவது பேசிவிடப் போகிறார் என்று அவளும் பின்னால் போனாள். பொன்னழகு சட்டையை மாட்டிக்கொண்டே கதவைத் திறந்து, "வாங்க சார், வாங்கக்கா" என்றார். அறை துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. சாப்பாடு மெஸ்ஸில் என்பதால் அடுப்புகூடக் கிடையாது. கட்டிலுக்கு அடியில் சணலால் கட்டிய பேப்பர் கட்டு இருந்தது. முத்துச்சாமி குனிந்து அதைத்தான் இழுத்தார்.

"பொம்பளப் புள்ள இருக்க வீட்டுல இம்புட்டு அசிங்கத்தச் சேத்து வச்சிருக்கீங்களே தம்பி."

சணல் அவிழ்ந்து பேப்பர்கள் தரையில் சரிந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் காய்ந்த வெங்காயத் தோல் உதிர்ந்தது. மின்விசிறிக் காற்றில் அது எழுந்து அறை முழுக்க அலைந்தது. முத்துச்சாமி அதைக் குப்பை என்று காலால் தள்ளினார். புவனேஸ்வரி குனிந்து ஒரு பேப்பரைப் பார்த்தாள். எவ்வளவு உதறினாலும் மடிப்புக்குள் நாலு தோல் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் யாராவது பிரித்துப் படித்திருந்தால் அது அன்றைக்கே உதிர்ந்திருக்கும். இவை பிரிக்கப்படவே இல்லை. அவள் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. வெங்காயம் நுழையாத அறையில் வெங்காயத் தோல் எங்கிருந்து வருகிறது என்று அந்த மனிதருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்து, தான் படிக்காத பேப்பரை, கீழே ஒருத்தி படிக்கட்டும் என்று மாதா மாதம் வரவழைத்திருக்கிறார்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. தோலைப் பார்த்தார், பிறகு முத்துச்சாமியை.

"தப்புத்தானுங்க சார். காலி பண்ணிக்கறனுங்க."

"என்னங்க" என்றாள் புவனேஸ்வரி.

"என்ன?" என்று கணவர் திரும்பினார். பொன்னழகுவின் தலை லேசாக அசைந்தது. வேண்டாம் என்றாரோ, வெறுமனே அசைந்ததோ.

"மோட்டார் ஓடுது. நிறுத்திட்டு வாரேன்."

மோட்டார் ஓடவில்லை. படியில் இறங்கும்போது தன்னை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பேப்பரில் வந்த எந்தப் பெண்ணைப் பற்றிப் படித்தபோதும் அவளுக்கு அப்படி இருந்ததில்லை.

அந்த வாரமே பொன்னழகு சாமான்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது சாவியை அவள் கையில் கொடுத்து, "போயிட்டு வாரனுங்கக்கா" என்றார். 'வீடு வாடகைக்கு, குடும்பத்தினருக்கு மட்டும்' என்று முத்துச்சாமி ஒரு அட்டையில் எழுதிக் கேட்டில் கட்டினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் அவரைப் பார்த்ததாக ஒரு நாள் வந்து சொன்னார். "ஒண்டி ஆளுக்கு எவன் வீடு குடுப்பான்?" என்று அதில் அவருக்கு ஒரு திருப்தி.

மறுநாள் முழங்கால் வலி என்று அவர் நடைப்பயிற்சிக்குப் போகவில்லை. போர்ட்டிகோவில் நாற்காலி போட்டுக் காலைப் பேப்பரின் பாக்கியைப் படித்துக்கொண்டிருந்தார். நாலு மணிவாக்கில் கேட்டைத் தாண்டிப் பேப்பர் வந்து விழுந்தது. மாடிக்காரர் போனதிலிருந்து அது தினமும் விழுந்துகொண்டுதான் இருந்தது. புவனேஸ்வரி அதைத் தொடுவதில்லை, பிரிக்காமலே கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிடுவாள். முத்துச்சாமிக்கு அது இன்றைக்குத்தான் தெரிகிறது. உடனே பேப்பர்காரருக்குப் போன் போட்டார்.

"மாடி சார்தான் சார் நிறுத்த வேணாம்னாரு" என்றது போன். "அங்கன தேவப்படும், போட்டுக்கிட்டே இருங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

"யாருக்குத் தேவப்படுமாம்?" என்று போனை வைத்துவிட்டு முத்துச்சாமி பொதுவாகக் கேட்டார்.

"எனக்குத்தாங்க."

"ஆமா, வெங்காயம் உரிக்க" என்று சிரித்தார் அவர்.

"படிக்கத்தாங்க. தெனமும் நாந்தான் படிச்சேன். அன்னைக்குக் குஷனுக்கு அடியில வச்சதும் நாந்தான். அந்தத் தம்பி தொடக்கூட இல்ல."

முத்துச்சாமி கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். சிரிப்பு போக நேரமாயிற்று.

"போன ஆளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராத புவனா. ஒன்னய எனக்குத் தெரியாதா? நீ அப்பிடிப்பட்ட பேப்பரப் படிக்கிற ஆளா?"

அவர் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்புப் பேனாவைத் தேடினார். புவனேஸ்வரி இறங்கிப் போய்ப் பேப்பரை எடுத்துவந்தாள். போர்ட்டிகோவிலேயே, தெருவைப் பார்த்தாற்போல, தரையில் விரித்து அதன்முன் உட்கார்ந்தாள். முதல் பக்கத்துத் தலைப்பைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாசிப்பது போலக் குரல் திக்கித் திக்கி வந்தது.

"உள்ள போ புவனா" என்றார் முத்துச்சாமி.

அவள் அடுத்த வரிக்குப் போனாள். கேட்டருகே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் சுகன்யா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. ஹெல்மெட்டை இன்னும் கழற்றவில்லை, ஒரு கை கேட்டில் கட்டிய அட்டையைப் பிடித்திருந்தது. புவனேஸ்வரி தலையைத் தூக்காமல் படித்துக்கொண்டே இருந்தாள். எழுத்துகள் கலங்கின. பக்கத்தில் ஒரு வெங்காயம்கூட இல்லை.