மூச்சில் தெரியும் எழுத்து

முற்றத்தில் மையித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. ஜெமீலா உள்ளறையில் மகளின் கழுத்தில் புறங்கையை வைத்தாள். சுட்டது. அந்தக் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். மறுபடி மகளின் கழுத்தில் வைத்தாள்.

"வாப்பா எழும்பிட்டாரா?" என்றாள் பலீலா. கண்ணைத் திறக்கவில்லை.

"தூங்கு."

பலீலாவுக்கு ஏழு வயது. விடியற்காலையில் அவள் வாப்பா மஹ்ரூப் கண்ணை மூடியபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் யாரும் சொல்லவில்லை. ஜெமீலா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு முன்னாலேயே நின்றாள்.

கூடத்தில் மஹ்ரூபின் மூத்த சகோதரி லரீபா மையித்தின் உடலைச் சுற்றும் கபன் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மஹ்ரூபின் கடையிலிருந்தே வந்த துணி. கிழிபடும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"புள்ள எங்க?"

"தூங்குறா, மதினி."

"இந்நேரத்துல என்ன தூக்கம்? வாப்பாட மொகத்தப் பார்க்கத் தேவல்லியா? எழுப்பிக் கூட்டி வா."

"ராவெல்லாம் முழிச்சிருந்தா. இருக்கட்டும்."

லரீபா துணியை மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஜெமீலா பார்வையைத் திருப்பி முற்றத்தைப் பார்த்தாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. அடுப்பின் மேல் யாரோ தகரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

போன வாரம் இதே கூடத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பதுளைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த மஹ்ரூபுக்குப் பழங்காசுப் பைத்தியம். கடைப் பெட்டியில் பழைய காசு ஒன்று வந்து விழுந்தால், சட்டைப்பையிலிருந்து புதுக் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். டச்சுக்காரர் காசு, சோழர் செம்புக்காசு, கொக்கி மாதிரி வளைத்த வெள்ளிக்கம்பிக் காசு எல்லாம் பஞ்சு வைத்த பெட்டிகளில் தூங்கின. லரீபா வரும்போதெல்லாம் கேலி செய்வாள்.

"ஊர்ல எல்லாரும் சாமான் குடுத்துக் காசு வாங்குறாங்க. என்ட தம்பி ஒருத்தன்தான் காசு குடுத்துக் காசு வாங்குறான்."

அந்த வாரம் மட்டும் அவருக்குக் கேலி உறைக்கவில்லை. ஜெர்மன் யுத்த நிதிக்காகக் குதிரைப் பந்தயத் திடல் மண்டபத்தில் பெரிய நாணயக் காட்சி வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் காலியிலிருந்தும் சேகரிப்பாளர்கள் பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மோட்டாரிலும் வண்டியிலும் இறங்கினார்கள். மஹ்ரூபுக்கும் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். பச்சைத் துணி விரித்த மேசை. அந்தப் பச்சையை அவர் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார்.

"நீயும் வா" என்றார் ஜெமீலாவிடம். "பொம்பளையள் உள்ள வரேலாது. ஜன்னலுக்கு நேரா வண்டிய நிப்பாட்டச் சொல்றேன். திரையில விரல் அளவு எடம் போதும்."

அப்படித்தான் அவள் அந்தக் காட்சியைப் பார்த்தாள். மத்தேயுவின் கூண்டு வண்டிக்குள், திரைக்குப் பின்னால், விரலளவு இடைவெளியில். மத்தேயு தோட்டத்துக் கிறிஸ்தவன். மஹ்ரூபின் சாமான்களை ஏற்றி இறக்குகிறவன்.

"அம்மா, உள்ள இருக்கிறதெல்லாம் செல்லாத காசுங்களாமே?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"செல்லாத காசப் பாக்க இத்தன மோட்டார் வந்திருக்கு. என் கையில இருக்கிற செல்லுற காச ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறான்."

அவள் சிரித்தாள். திரைக்குள் சிரிக்கிற சிரிப்பு, வெளியே கேட்காதது.

மண்டபத்துக்குள் கூட்டம் நெரிந்தது. பூதக்கண்ணாடியும் கையுமாகத் துரைமார்கள் மேசை மேசையாகக் குனிந்தார்கள். செட்டியார் ஒருவர் ஒரு வராகனை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். வெளியே குளிர், அதனால் கதவுகளை அடைத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் உள்ளிருந்து ஆவி படிந்தது. யாராவது கையால் துடைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி படியும்.

மஹ்ரூபின் மேசையில்தான் கூட்டம் அதிகம். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தண்ணீர் ஓடக் கான் வெட்டியபோது கிடைத்த மெல்லிய வெள்ளிக்காசு. எழுத்தெல்லாம் தேய்ந்து மழுங்கி, சும்மா பார்த்தால் வெறும் தகடு. அதை வாய்க்கு அருகே பிடித்து மூச்சு விட்டால் ஆவி படிகிற நொடியில் அறபு எழுத்து எழும்பும். அல்லாஹ் ஒருவனே என்கிற கலிமா. ஆவி போனதும் அதுவும் போய்விடும். வீட்டில் இதை ஜெமீலாவுக்குக் காட்டியபோது அவர் குரல் தழுதழுத்தது. "இந்த மலைக்கு எங்கட ஆக்கள் எந்தக் காலத்துல வந்திருக்காங்க, பாரு."

இப்போது அவரைச் சுற்றி நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக அந்தக் காசை வாங்கினார்கள். கண்டி வழக்கறிஞர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூச்சுவிட்டார். பார்த்தார், தலையை ஆட்டினார், அடுத்தவரிடம் கொடுத்தார். காலி மாணிக்க வியாபாரி மூச்சுவிட்டார். ஒரு துரை. இன்னொரு துரை. கடைசியாகக் கொழும்பிலிருந்து வந்த உயரமான மனிதர். மேல்கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டிருந்தார். கைக்குட்டையில் ஒரு தடவை இருமிவிட்டு, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் காசை வாங்கினார்.

பலீலா வாப்பாவின் பக்கத்தில் நாற்காலி மேல் ஏறி நின்றாள். உயரமான மனிதர் மூச்சுவிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே காசை அவள் வாய்க்கு நேரே நீட்டினார். மஹ்ரூப் சொல்லிக்கொடுக்கிறார் என்று உதடுகளைப் பார்த்தே ஜெமீலாவுக்குத் தெரிந்தது. ஊதக் கூடாது, ஹா எண்டு விடோணும். பலீலா பெரிதாக வாயைத் திறந்தாள். கூட்டம் கைதட்டியது. கண்ணாடியின் இந்தப் பக்கத்தில் அது லேசாகத்தான் கேட்டது.

 உயரமான மனிதரின் சட்டைப்பையையும் மகளின் திறந்த வாயையும் ஜெமீலா மாறி மாறிப் பார்த்தாள்.

"மத்தேயு, புள்ளயக் கூட்டி வரச் சொல்லு."

"இப்பதானம்மா வந்தோம்."

"கூட்டி வா."

அவளே உரக்கக் கூப்பிட்டிருந்தால் உள்ளே கேட்டிருக்கும். அந்நிய ஆண்கள் இருக்கும் இடத்தில் அவள் குரல் எழுப்பிப் பழகியவளல்ல. மத்தேயு போய்ச் சேர்வதற்குள் பலீலா இன்னொரு தடவையும் மூச்சுவிட்டு முடித்திருந்தாள்.

மறுநாள் மாலையில் வீட்டுக்கு வந்த மஹ்ரூப் சாப்பிடவில்லை. பசியில்லை என்றார். கன்னம் சிவந்திருந்தது. சந்தோஷத்தில் என்று அவள் நினைத்தாள்.

"அங்க ஒருத்தனும் சிரிக்கல்ல, ஜெமீலா" என்றார். "ஒருத்தனும்."

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. காய்ச்சல், உடம்பு முறித்தாற்போல வலி, இருமல். உதடும் நகமும் நீலம் பாரித்தன. கொழும்பில் இந்தக் காய்ச்சலில் ஆட்கள் சாகிறார்கள் என்று பேச்சு இருந்தது. இருமலில் வருகிற மூச்சில்தான் பரவுகிறது என்று வைத்தியர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கு விடியற்காலையில் ஜெமீலாவின் அண்ணன் அலவி மஹ்ரூபின் காதோரம் குனிந்து கலிமா சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் நிறுத்தி, அவளைத் திரும்பிப் பார்த்தான்.

மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அலவி கூடத்துக்கு வந்தான். சட்டைக் கைகள் நனைந்திருந்தன.

"தபால் கந்தோர்ல சொல்றாங்க. கண்டி லோயர் முந்தாநாள் மௌத்தாகிப் போயிட்டாராம்."

"எந்த லோயர்?" என்றாள் லரீபா.

"நாணயக் காட்சிக்கு வந்தவர். காலி மாணிக்க யாவாரிக்கும் காய்ச்சல் கடுமையாம்."

 மூக்குக் கண்ணாடியைக் கழற்றிய முகம். அதற்கு அடுத்த முகம். ஜெமீலாவின் கண்ணுக்குள் காசு கைமாறிக்கொண்டே போனது. பலீலாவுக்கு முந்தி யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கொழும்பு ஆள்?" என்றாள்.

"எந்தக் கொழும்பு ஆள்?"

"ஒண்டுமில்ல, நானா" என்றாள் அண்ணனிடம்.

அடுப்படிக்குப் போனாள். பின்சுவருக்கு வெளியே செருமல் கேட்டது. மத்தேயு. துக்கத்துக்கு வந்தவன், முன்பக்கம் வராமல் அங்கே நின்றான்.

"அம்மா, உள்ள இருக்கீங்களா?"

"சொல்லு."

"ஐயா மாதிரி மனுசன் கெடைக்க மாட்டாரும்மா."  பிறகு குரலைத் தாழ்த்தினான். "சுகாதார இன்ஸ்பெக்டரு வீடு வீடா வர்றாரு. சாவு விழுந்த வீட்டுக்குக் கட்டாயம் வருவாரு. மேலத் தெருவுல ரெண்டு புள்ளைங்களத் தூக்கி வண்டியில போட்டுட்டுப் போயிட்டாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் காய்ச்சக் கொட்டாய் போட்டிருக்காங்கல்ல, அங்க."

"தாய்மார்?"

"உள்ள விடலைங்கம்மா. வேலியோட நிக்கிறாங்க." மறுபடி செருமினான். "நேத்து அங்க இருந்து பெட்டி ஏத்துனேன். சின்னப் பெட்டி."

  அவன் போகிற காலடிச் சத்தம் சேற்றில் கேட்டது.

கபன் இட்டு முடித்ததும் முகத்தைத் திறந்து வைத்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். லரீபா தம்பியின் நெற்றியில் முத்தமிட்டாள். ஜெமீலா போய்க் குனிந்தாள். கற்பூர வாசனை அடித்தது. உதட்டில் நீலம் இன்னும் இருந்தது. அவர் முகத்தை அவள் இன்னும் நிறைய நேரம் பார்த்திருப்பாள். அதற்குள் உள்ளறையில் கட்டில் சட்டம் கிரீச்சிட்டது போலிருந்தது. சட்டென்று நிமிர்ந்துவிட்டாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் லரீபா. "புள்ளய எழுப்பு. நான் கூட்டி வாறேன்."

"வேணாம்."

"என்ன வேணாம்? நாளைக்குப் பெரிய மனுசியாகிக் கேட்பா. என்ட வாப்பாட மொகத்த ஏன் காட்டல்ல எண்டு கேட்பா."

"கேட்கட்டும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லரீபாவின் வாய் திறந்தது. அதற்குள் அலவி வெளியிலிருந்து குரல் கொடுத்தான். நேரமாகிவிட்டது. மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். முற்றத்தைத் தாண்டி, தூறலுக்குள், ஆண்களின் தோள்களில் அது போயிற்று. தெருவரை போய்ப் பார்க்க அவளுக்கு அனுமதியில்லை. புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் இத்தா தொடங்கிவிட்டது.

லரீபா வெள்ளைச் சேலை கொண்டுவந்தாள். ஜெமீலா கதவை முழுக்கத் திறக்காமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"நான் உடுத்தி விடுறேன், விடு."

"நானே உடுத்துக்கிறேன், மதினி."

உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். பலீலாவின் மூச்சு சின்னச் சின்னதாக இழுத்தது. உதட்டை விளக்குக்கு நேரே திருப்பிப் பார்த்தாள். சிவப்பாகத்தான் இருந்தது. மறுபடி பார்த்தாள். நகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு மகளின் பக்கத்தில் படுத்து, அவளை நெஞ்சோடு சேர்த்தாள். இனி நாலு மாதம் பத்து நாள் இந்த அறைக்குள் எந்த அந்நிய ஆணும் வரமுடியாது. பட்டணத்தில் இதைவிடப் பத்திரமான இடம் இல்லை.

அந்தி மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அலவி மையித்தை அடக்கிய கபுரடியிலிருந்து திரும்பி வந்து கதவைத் தட்டினான். அவள் இடுக்கு விட்டுத் திறந்தாள். அவன் கால்களில் புதுமண் ஒட்டியிருந்தது.

"புள்ளைக்கு என்ன?"

"ஒண்டுமில்ல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் இருட்டைப் பார்த்தான். கதவை அவனே இழுத்துச் சாத்தினான். கூடத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து கதவுக்கு முன்னால் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

அப்புறம் வண்டிச் சத்தம். முற்றத்தில் சப்பாத்துக் கால்கள்.

"காய்ச்சல் சாவு நடந்த வீடு இதுதானே?" இன்ஸ்பெக்டரின் குரல், அச்சடித்தாற்போன்ற தமிழில். "வீட்டில் எத்தனை பேர்? எல்லாரையும் பார்க்க வேண்டும்."

"பாருங்க" என்றாள் லரீபா. "நாங்கெல்லாம் கல்லு மாதிரி இருக்கிறோம்."

"இறந்தவருக்குச் சின்னப் பிள்ளை உண்டாமே. எங்கே?"

"உம்மாவோட உள்ள இருக்கு. புருஷன் மௌத்தான பொம்பள இத்தா இருக்கிற அறை. ஆம்பிளையள் போகேலா."

"நான் போகவில்லை. பிள்ளையை மட்டும் வெளியே அனுப்பச் சொல்லுங்கள். நாக்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்."

 ஜெமீலா எழுந்து உட்கார்ந்தாள்.

"அது சரிதானே" என்றாள் லரீபா. காலடி நெருங்கியது. "அலவி, எழும்பு. ஜெமீலா, புள்ளய அனுப்பு."

நாற்காலி நகரவில்லை.

"நாளைக்கு வாங்க, ஐயா" என்றான் அலவி. "இண்டைக்குத்தான் அடக்கினோம்."

"ஒரு நிமிஷ வேலை."

பலீலாவின் உடம்பு உதறியது. கண் திறந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து என்னவோ ஏறி வருவதை ஜெமீலா தன் உள்ளங்கையில் உணர்ந்தாள். மகளின் முகத்தை மார்போடு அழுத்திக்கொண்டாள். முதல் இருமல் அவள் சேலைக்குள் வெடித்தது.

ஜெமீலா வாயைத் திறந்து கதறினாள்.

அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது. "ஏன் போனீங்க?" என்று கத்தினாள். "புள்ளய ஏன் கூட்டிட்டுப் போனீங்க? ஏன் கூட்டிட்டுப் போனீங்க?" சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மறுபடி கத்தினாள்.

"சத்தம் போடாத, புள்ள!" லரீபா கதவைத் தட்டினாள். "மையித்துக்கு ஒப்பாரி வைக்கிறது ஹராம்! அன்னிய ஆம்பிளையள் நிக்கிறாங்க. வெக்கமில்லையா?"

ஜெமீலா இன்னும் உரக்கக் கதறினாள்.

சப்பாத்துகள் இரண்டடி பின்னால் நகர்ந்தன. இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். நாளைக் காலையில் வருவதாக அவர் அலவியிடம் சொன்னது அரைகுறையாகக் கேட்டது. முற்றத்தில் குதிரை கால்மாற்றியது. சக்கரம் உருண்டது.

"போயிட்டாங்க, ஜெமீலா" என்றான் அலவி, கதவோடு வாயை வைத்து.

வண்டி தெருமுனை திரும்புகிற சத்தமும் அடங்கியது. அவள் நிறுத்தவில்லை. பிள்ளை இன்னும் இருமிக்கொண்டிருந்தது.