பாடிக்கொண்டு வருகிறவர்

நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தலைமாட்டுல வந்து உக்காருங்க அண்ணி. வாடகை கேக்க வந்தவங்க மாதிரி வாசப்படியில நிக்கிறீங்க."

"இருக்கட்டும். நீ உக்காரு."

கூடத்தில் கிடத்தியிருந்தது அவளுடைய இரண்டாவது கணவரை. மாரடைப்பு. பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது. முதல் கணவன் அடித்ததற்கே தன் வாய்தான் காரணம் என்று இன்றுவரை நம்புகிறவள். இந்தச் சாவையும் தன் தலையில் போட்டுக்கொள்ள அவளுக்கு நேரமே ஆகவில்லை. நல்ல மனிதர், தெரியாத்தனமாகத் தன்னிடம் வந்து மாட்டிக்கொண்டார். தலைமாட்டில் உட்காரத் தனக்கு என்ன யோக்கியதை?

அவர் வேலை பார்த்த அச்சகத்து போர்மேன் மூக்கைச் சிந்திவிட்டு நாத்தனாரிடம் சொன்னார்.

"பூனை மாதிரி மனுஷன்மா. பின்னாடி வந்து நின்னா தெரியவே தெரியாது. திடுக்கிட்டு எத்தனை தடவை மையைக் கொட்டியிருக்கேன்! கழுத்துல மணி கட்டிக்கிட்டு வாய்யான்னு திட்டுவேன்."

"சின்ன வயசுலயே அப்படித்தான். எங்கம்மா அலறுவாங்க."

"இங்க பாடிக்கிட்டுல்ல வருவாரு?" அவளையறியாமல் வாயில் வந்துவிட்டது. "தெருமுனையில இருந்தே."

நாத்தனாருக்கு அழுகை நின்றுவிட்டது. "எங்கண்ணனா? பாட்டா?"

பாட்டுத்தான். கர்ணகடூரம். எப்போதும் ஒரே வரி, அதிலும் பாதி தப்பு. வாசலில் ஒருமுறை, அடுப்படிக்குள் நுழையுமுன் ஒருமுறை. குளித்துவிட்டு வரும்போதுகூட. மனிதருக்குப் பாட்டுப் பைத்தியம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் பின்னால் வந்து தண்ணீர் கேட்டார். அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டாள். கையிலிருந்த கண்ணாடித் தம்ளர் விழுந்து சிதறியது. "தப்பு என் மேலதான், தப்பு என் மேலதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத் தானே தண்ணீர் மொண்டு குடித்தார்.

மறுநாள் சாயங்காலத்திலிருந்துதான் பாட்டு.

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி? தலை சுத்துதா?"

"இல்ல. கொஞ்சம் நகரு."

கதவுக்கு முதுகைக் காட்டி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பின்னால் யாரோ சத்தமில்லாமல் வந்து, மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்றார்கள். அவள் திரும்பவில்லை. மடங்கிக் கிடந்த அவருடைய சட்டைக் காலரை நிதானமாக நீவிவிட்டாள்.