யாரும் அறுக்காத லைன்

எங்கள் ஊரில் ஒருத்தனை ஒதுக்கி வைக்க வேண்டுமென்றால் அவனிடம் கோயில் வரி வாங்க மாட்டார்கள். அடிப்பதில்லை, வைவதில்லை. மாரியம்மன் நோம்பிக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்கி வருகிற கமிட்டிக்காரர்கள் அவன் வாசலை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். போலீசுக்குப் போய் என்னவென்று சொல்வது? என்னிடம் காசு வாங்கவில்லை என்றா? ஸ்டேஷனில் சிரிப்பார்கள்.

இந்தப் பங்குனியில் என் வாசலைத் தாண்டினார்கள். கமிட்டித் தலைவர் ஜெகதீஸ்வரனை நானே கூப்பிட்டு வரிக்காசை நீட்டினேன். "இருக்கட்டுங்க மாமா, உங்களுக்கெதுக்குச் சிரமம்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

காரணம் என் மகள் பிரவீனா. போன வருசம் வேறு சாதிப் பையன் மதனைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் பிடிக்கவில்லைதான். மூஞ்சிக்கு நேரே சொன்னேன், அவளும் மூஞ்சிக்கு நேரே பதில் சொன்னாள், அதோடு தீர்ந்தது. ஊருக்குத் தீரவில்லை. அவள் அம்மா செத்த பிறகு நான் ஓட்டலில் தின்று வயிறு கெட்டுக் கிடந்ததைப் பார்த்து, புருசனையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். மதன் தினம் சேலத்துக்கு வேலைக்குப் போய் வருவான். அவள் வீட்டில் இருந்தபடியே பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். கம்ப்யூட்டரில் மூஞ்சி காட்டி வெளிநாட்டுக்காரனோடு பேசுகிற வேலை. லைன் ஒழுங்காக இருக்கிறவரை வீட்டிலிருந்து பார்க்கலாம், இல்லையென்றால் பெங்களூருக்கே வந்து உட்கார் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அவள் போனால் மதனும் போவான். நான் ஒண்டியாகக் கிடப்பேன்.

அந்த லைன் கௌதமனுடையது. வெண்ணந்தூரில் கடை வைத்திருக்கிறான். முன்னே கேபிள் டிவி, இப்போது இன்டர்நெட். சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் அவன்தான். செல்போன் டவர் எங்களுக்குத் தூரம். பேசலாம், படம் ஓடாது.

இன்டர்நெட் பெட்டி மாட்ட வந்த அன்றைக்கே பெருமை பேசினான். "மின்னயெல்லாம் கோளாறுன்னா ஒவ்வொரு பெட்டியா ஆள் போய் மாத்தோணுமுங்க மாமா. இப்பப் பெட்டிக்குன்னு தனியா மூளை கெடையாது. மூளை மேல ஒரே எடத்துல. நான் போன்ல ஒண்ணு தட்டுனா, யாருக்கு எத்தன வேகம், யாருக்கு மொதல்லன்னு ஊரு பூராப் பெட்டியும் அப்படியே கேக்கும்."

"மூளையில்லாத பெட்டிக்கா என்ற சொவுத்துல ஓட்டை போடுற?"

"மாமாவுக்கு எப்பவும் நக்கலு."

நக்கல் இல்லை. நான் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டவன். தண்ணீர் இருக்கிறது என்று தேங்காயை வைத்துச் சொன்னவனையும் நம்பியதில்லை, மெஷினை வைத்துச் சொன்னவனையும் நம்பியதில்லை. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

வரி வாங்காமல் போன வாரத்திலேயே லைன் படுத்துக்கொண்டது. அறவில்லை. இழுத்தது. பிரவீனா பேசிக்கொண்டிருக்கும்போது படம் உறைந்து நிற்கும். அந்தப் பக்கத்துக்காரன் என்னமோ கேட்பான்; இவள் பதில் சொல்லும்போது அவன் எழுந்து போயிருப்பான். வேலை நேரம் முடிந்து அவள் கம்ப்யூட்டரை மூடியதும் லைன் பறக்கும்.

கௌதமன் வந்து பார்த்தான். "லைட்டு பச்சையா எரியுதுங்க மாமா. லைன் நல்லா இருக்குது."

பக்கத்து வீட்டு அங்கம்மாள் மனசு கேட்காமல் தன் வீட்டு வைஃபை நம்பரைப் பிரவீனாவுக்குக் கொடுத்தாள். ஒரு நாள் நன்றாக ஓடியது. மறுநாள் அவள் வீட்டிலும் இழுக்க ஆரம்பித்தது. சாயங்காலம் படலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. பையன் கத்தறானுங்க. எந்த ஊட்டுல யாரு கம்ப்யூட்டரு ஒட்டியிருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியுதாமா" என்றாள்.

எனக்கு அதோடு விளங்கிவிட்டது. மறுநாள் காலையில் கௌதமன் கடைக்குப் போனேன்.

"கமிட்டி சொல்லித்தான செஞ்ச?"

கடையில் வேறு ஆள் இருக்கிறார்களா என்று பார்த்தான். "நான் அறுக்கலீங்க மாமா. அறுத்தா நீங்க கேசு போடலாம். கோயில்ல கேமரா வெச்சிருக்குது. நோம்பி முடியற மட்டும் அதுக்கு மொதல்ல குடுன்னாங்க. அப்பறம் ஊருக்கு. அப்பறம் உங்களுக்கு."

"கடைசிப் பந்தி."

"எலை போட்டிருக்குதுங்களே. சோறு கொஞ்சம் மெதுவா வருது, அவ்வளவுதான். நானும் இங்க பொழைக்கோணுமில்லீங்க."

"ஆம்பளையா இருந்தா வந்து போஸ்ட்டுல ஏறி, ஊரு பாக்க அறுடா."

"அது எதுக்குங்க மாமா" என்றான். அவன் கட்டைவிரல் போனைத் தடவிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது தெரு நிறைய ஜனம். நோம்பிக்காகக் கோயில் முன்னால் நட்டிருந்த மரக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் பொம்பளைகள் குடத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். என் பழைய டூல்ஸ் பெட்டியில் கிடந்த கட்டிங் பிளேயரை எடுத்தேன். போஸ்ட்டிலிருந்து என் வீட்டு ஓட்டுக்கு வருகிற அந்தக் கறுப்பு வயரை, நாற்காலி போட்டு ஏறி, எல்லோரும் பார்க்க நறுக்கினேன்.

"உங்க ஊரு லைனு எனக்கு வேண்டாம். மெதுவா ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

கூட்டத்தில் நின்ற ஜெகதீஸ்வரன், பக்கத்தில் இருந்தவனிடம் சொல்வதுபோல எனக்குக் கேட்கும்படி சொன்னான்: "பாத்துக்க. நாம ஒண்ணும் பண்ணல. அவராத்தான் அறுத்துக்கிட்டாரு."

உள்ளே பிரவீனா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் சிவப்பு லைட் எரிந்தது.

"என்னப்பா பண்ணுனீங்க?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கௌதமனுக்கு லைன் கொடுக்கிற மேல் கம்பெனிக்கு அவள் முன்னமே எழுதிப் போட்டிருக்கிறாள். எவன் எந்த வீட்டு வேகத்தை மாற்றினான் என்று அவர்களுக்கு அங்கிருந்தே தெரியுமாம். நாளைக்குப் பார்த்துச் சரிபண்ணிக் கொடுக்கிறோம், அதுவரை லைன் மட்டும் உயிரோடு இருக்கட்டும் என்று பதில் வந்திருக்கிறது.

"எங்கிட்ட ஏன் சாமி சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். இப்போதும் முழுசாக நம்பவில்லை. மேலே இருக்கிறவன் மட்டும் என்ன யோக்கியனா? ஆனால் நம்பிப் பார்க்க இனி வயர் இல்லை.

அறுந்ததை ஒட்ட வேண்டியவனும் கௌதமன்தான். மதன் போன் போட்டுக் கேட்டான். "நோம்பி முடியட்டுங்க, பசங்க யாரும் வேலைக்கு வரல" என்றானாம். பெங்களூர்க்காரன் நோம்பி முடிகிறவரை பொறுப்பானா? திங்கட்கிழமை ஆபீசில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

என்னையும் வரச் சொன்னாள். அங்கே போய் நான் என்ன செய்வது. மாட்டேன் என்றேன். அதையும் அவள் எதிர்பார்த்திருந்தாள் போல. ரெண்டாம் தடவை கேட்கவில்லை.

கம்பம் நட்டுவிட்டால் அதைப் பிடுங்குகிறவரை எங்கள் ஊரில் பிறந்தவர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. மீறினால் ஊருக்கே ஆகாது என்பார்கள். போன நோம்பியில் ராசு, மாமனாருக்கு ஆபரேசன் என்று சேலத்தில் தங்கக் கிளம்பினான். பத்துப் பேர் பஸ்ஸை மறித்து இறக்கிக் கூட்டி வந்தார்கள். ஜெகதீஸ்வரன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ எங்க ஊருப் பையன்டா" என்று கண்ணீர் விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதன் ஒரு பெட்டியும் பிரவீனா ஒரு பெட்டியும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நானும் பஸ் ஸ்டாப்பு வரை கூட நடந்தேன். கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். கம்பத்தைச் சுற்றி ஊரே நின்றது. ஜெகதீஸ்வரனும் நின்றான். அங்கம்மாள் குடத்தை இடுப்பில் வைத்தபடி தரையைப் பார்த்தாள்.

பிரவீனா இந்த ஊரில் பிறந்தவள். யாராவது ஒருத்தர், எங்கே போகிறாய், கம்பம் நட்டிருக்கிறது தெரியாதா என்று அவளை வைது மறிப்பார்கள் என்று மெதுவாகத்தான் நடந்தேன்.

ஒதுங்கி நின்று பெட்டி போக வழி விட்டார்கள்.