போலிகளுக்கு நடுவே ஒன்று

என் தலைவருக்கும் எனக்கும் சண்டை வரக் காரணம் வானத்தின் படத்தில் தெரிந்த ஒரு மங்கலான கறை. பக்கத்திலுள்ள பெரிய விண்மீன்திரள் ஒன்றைச் சுற்றிவரும் குட்டித் திரள்களைத் தேடுவதுதான் எங்கள் குழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் எவ்வளவு சின்ன உருண்டைகளாகச் சேரும் என்பதை அந்தக் குட்டிகள்தான் காட்டிக்கொடுக்கும். ஓர் அளவுக்குக் கீழே உருண்டையே கிடையாது, ஆகவே திரளும் கிடையாது என்பது தலைவரின் கொள்கை. அவருடைய பேர், பதவி, ஜன்னல் வைத்த பெரிய அறை எல்லாம் அதில் வந்ததுதான். நான் கண்டுபிடித்த குட்டியோ அந்த அளவுக்கும் கீழே.

"அது படத்துல கருவி போடற வெறும் இரைச்சல்மா. விட்டுடு," என்றார்.

ஏன் விடவேண்டும்? தொலைநோக்கியைத் திருப்பி, அந்தக் கறையிலுள்ள நட்சத்திரங்கள் ஒன்றாக நகர்கின்றனவா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதற்குத் தொலைநோக்கியில் நேரம் கேட்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். என் வேலை இந்த வருடத்தோடு முடிகிறது. நான் போய்விட்டால் அந்தக் கறையைத் தேட நாதி இருக்காது.

பல் டாக்டரான என் அக்காவிடம் புலம்பினேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எக்ஸ்ரேல நிழல் தெரிஞ்சா நான் வாயைத் திறந்து பார்ப்பேன். பார்க்காமலே ஒண்ணுமில்லன்னு அனுப்பினா என்னை உதைப்பாங்க. உங்க ஆளை யாரும் உதைக்கலையா?"

"அவருக்கு முன்னாடி யாரும் வாயே திறக்கிறதில்லக்கா."

"அப்ப நீ திறடி."

திறந்தேன். அதன் பலன், தலைவர் என் கண்ணைச் சோதிக்கப்போவதாக அறிவித்தார். எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வானத்தின் படங்களில் போலித் திரள்களை ரகசியமாக நட்டுவிட்டு, தேடுகிறவர் கண்டுபிடிக்கிறாரா என்று பார்ப்பார்கள். என் கறை இல்லாத வேறொரு பகுதியைத் தேர்ந்தெடுத்தார். அதில் போலிகளை நட்டது, சத்தமே போடாமல் வேலை பார்ப்பதால் நாங்கள் எலி என்று கூப்பிடும் சக ஆய்வாளன். நட்டதைத் தவறவிட்டால் நான் குருடி, நடாததைக் குறித்தால் பிரமை பிடித்தவள். அவ்வளவுதான் எனக்கு இருந்த இடம்.

கூட்டத்தில் எலி முடிவை வாசித்தான். நட்டதை எல்லாம் கண்டுபிடித்திருந்தேன். கூடவே, அவன் நடாத ஒன்றையும் குறித்திருந்தேன்.

தலைவர் மேசையைத் தட்டினார். "பார்த்தீங்களா? இல்லாத இடத்துல கேலக்ஸி பார்த்திருக்கா! முதல்ல சொன்னதும் இதே பிரமைதான்."

ரெண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. எழுந்து நின்றேன்.

"சார், போலிகளை எதுக்கு மேல நட்டீங்க?"

"என்ன கேள்வி இது? நம்ம படத்து மேலதான்."

"அது நிஜ வானம்தானே? போலிக்குப் பக்கத்துல நிஜமும் இருக்கலாமே?"

அறையில் சிரிப்பு நின்றது. எலி தொண்டையைச் செருமினான். "அந்தப் பகுதியில இவ்வளவு மங்கலா யாரும் இதுவரை தேடினதே இல்ல சார்."

"முதல்ல பார்த்ததை இரைச்சல்னீங்க," என்றேன். "இப்ப ரெண்டாவதை நீங்களே கொண்டுவந்து கொடுத்திருக்கீங்க. ரெண்டையும் பார்க்கணும்."

"என் கையெழுத்து இல்லாம எவன் உனக்கு நேரம் தருவான்?"

"தராமலே போகட்டும். என் பேர்ல கேட்கறேன். தலைவருக்குச் சம்மதமில்லன்னும் அதுலயே எழுதறேன்."

"என் பேரையும் சேர்த்துக்க," என்றான் எலி. அப்போது அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து விண்ணப்பத்தை முடித்தேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். தலைவர் மட்டும் போகவில்லை, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ரெண்டுமே பொய்னு வந்தா?" என்று கேட்டார். இந்தமுறை குரலில் அதட்டல் இல்லை.

"நான் தப்புன்னு என் கையாலயே எழுதிட்டு வெளிய போறேன் சார். ஒண்ணாவது நிஜம்னு வந்தா, நீங்க என்ன எழுதுவீங்க?"

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பத்தை அனுப்பினேன்.