கேமரா கடை மூடிய பதினோராம் நாள்

கொர்னேலியூஸ் அண்ணாச்சியின் கேமரா கடை பத்து நாளாக மூடிக்கொண்டிருந்தது. தினமும் ஓர் அடி மூடும். பன்னிரண்டு அடி அகலக் கடை அது. அந்த அளவுக்கு இந்தப் பக்கத்துத் தையல் கடையும் அந்தப் பக்கத்து சைக்கிள் கடையும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபத்தெட்டு வருடக் கடையை ஒரே நாளில் மூடிவிட முடியுமா என்றார்கள்.

பதினோராம் நாள் நான் போனபோது ஓர் அடி மிச்சம் இருந்தது. கைப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தேன்.

என் தம்பி இன்னாசியின் நெகட்டிவ் அங்கே இருந்தது. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் பாஸ்போர்ட்டுக்காக எடுத்தது. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அந்தப் பாஸ்போர்ட்டோடு தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்குப் போனான். ஒரே ஒரு கடிதம் வந்தது. சாப்பாடு பரவாயில்லை என்று எழுதியிருந்தான். பிறகு ஒன்றும் இல்லை. கப்பல் கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். அப்படி ஒரு கப்பலே கிடையாது, ஆனால் அது நேரம் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்தது.

வீட்டில் அவனுடைய படம் ஒன்றுதான் மிஞ்சியது. அம்மா கட்டைவிரலால் தடவித் தடவி அதில் முகம் அழிந்துவிட்டது. சட்டைக் காலர் மட்டும் நன்றாகத் தெரியும். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் கையை நிறுத்தினாள்.

"பிலோமி, அவன் மூக்கு எப்பிடிட்டீ இருக்கும்?"

எனக்கும் தெரியவில்லை. அன்று முழுக்க யோசித்தேன். வேறு யார் யாருடைய மூக்கோதான் ஞாபகம் வந்தது.

அண்ணாச்சி கவுண்டருக்குப் பின்னால் ஒருக்களித்து நின்றார். எண்பது வயதாகிறது; அவருடைய அப்பா தொடங்கிய கடை இது. மூச்சை இழுக்கும்போது அவருடைய சட்டைப் பித்தான் எதிர்ச்சுவரில் உரசியது.

"வாம்மா பிலோமி."

"தம்பி நெகட்டிவ் வேணும் அண்ணாச்சி."

"படத்துல இருக்க ஆளுக்குத்தான் குடுப்பேன். போர்டுல எழுதிப் போட்டிருக்கேனே."

"அவன் வந்தா நான் எதுக்கு வாரேன்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். அப்ப நீயே இன்னாசியா வந்துரு."

ஒரு படிவத்தை நீட்டினார். மூன்று கேள்விகள் இருந்தன. பெயர் என்ன? படத்தில் இருப்பவர் நீங்கள்தானா? இல்லையென்றால், எவ்வளவு காலமாக இல்லை?

மூன்றாவது கேள்வியில் பேனா நின்றது. பிறகு, இருபத்தெட்டு வருடம் என்று எழுதினேன். அவர் அதில் முத்திரை குத்தினார்.

படம் எடுக்கும் அறை கடைக்குப் பின்னால் இருந்தது. முன்பெல்லாம் ஆறு எட்டு வைத்தால் போய்விடலாம். இப்போது கடையின் குறைந்த அகலமெல்லாம் நீளமாகிப் போயிருந்தது. நாங்கள் காலையில் நடக்க ஆரம்பித்து மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வழியில் அண்ணாச்சி இரண்டு தடவை உட்கார்ந்து இளைப்பாறினார்.

என்னை முக்காலியில் உட்கார வைத்தார். நெகட்டிவை விளக்குக்கு நேரே பிடித்து, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நெகட்டிவ்ல அவனுக்கு முடி வெள்ளை. ஒனக்கும் வெள்ளை. பொருந்துது."

"மீசை?"

"அதுவும் வெள்ளைதான். தூரத்துல பாத்தா தெரியாது. நாடிய கொஞ்சம் தூக்கு."

தூக்கினேன். படம் எடுக்கும் பெரிய விளக்கு எரிந்தது.

என் பல்வரிசை எப்போதும் நேராக இருக்கும். இப்போது நாக்கால் தடவிப் பார்த்தபோது இடது கோரைப்பல் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. மூக்கைத் தொட்டேன். நுனியில் மெலிதாக ஒரு பள்ளம். இன்னாசிக்கு இப்படித்தான் இருந்தது. வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது.

"ஏல இன்னாசி," என்றார் அண்ணாச்சி. "எங்கல போன?"

வாய் திறந்தது. என்ன சொல்லப் போகிறது என்று நானும் காத்திருந்தேன்.

"வந்துக்கிட்டேதான் இருக்கேன் அண்ணாச்சி. கரைதான் தள்ளித் தள்ளிப் போவுது."

"வீட்ட நெனச்சியா?"

"அக்கா கூப்புடுதது தெனமும் கேக்கும். இந்தா வாரேன், இந்தா வாரேன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். சத்தம் அங்க எட்டியிருக்காது."

எனக்கு அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் கண்கள் அவனுடையவை. அவை காய்ந்தே இருந்தன.

அண்ணாச்சி கேமராவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"அன்னைக்கி நீ இந்த முக்காலில இருந்து சிரிச்ச. பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாதுன்னு சத்தம் போட்டேன். நீயும் மூஞ்சிய இறுக்கிக்கிட்ட. அப்பிடியே போயிட்ட. கடைய எப்பவோ மூடியிருப்பேன்ல. இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சி. இப்ப சிரி."

சிரித்தேன். கோரைப்பல் முழுக்க வெளியே தெரியும்படி சிரித்தேன். நாடியில் வலி எடுக்கும் வரை அவர் கேமராப் பித்தானை அழுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அழுத்தினார்.

திரும்பி வந்தபோது வாசல் ஒரு சாண் இருந்தது. நெகட்டிவை உறையில் போட்டுக் கையில் கொடுத்தார். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து விழுந்தேன்.

"நீங்க வாங்க அண்ணாச்சி," என்று கையை உள்ளே நீட்டினேன்.

"இந்தக் கடைக்கு உள்பக்கந்தான் பூட்டு," என்றார். "ஏல, நீ வீட்டுக்குப் போ. தேடுவாவ."

கையை எடுத்துக்கொண்டேன். தையல் கடைச் சுவரும் சைக்கிள் கடைச் சுவரும் ஒட்டிக்கொண்டன. நடுவில் ஒரு கோடுகூட இல்லை. தையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அறுபத்தெட்டு வருசம்," என்றார். மறுபடி மிஷினை மிதித்தார்.

அம்மா கதவைத் திறந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எட்டி என் மூக்கைத் தொட்டாள்.

"வந்துட்டியால," என்றாள். "கையக் கழுவிட்டு இரி. சீலா மீன் கொழம்பு."

இரண்டு தட்டு நிறையச் சாப்பிட்டேன். அவள் முள் எடுத்து எடுத்து வைத்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் கன்னத்தைப் பார்ப்பாள், மீனைப் பார்ப்பாள், மறுபடி கன்னத்தைப் பார்ப்பாள். இருபத்தெட்டு வருடமாக அவள் முகம் இப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசித் துண்டை வைத்தபோது அவளுக்கு நினைவு வந்தது.

"அக்கா எங்கல?"

"கேமரா கடைக்குப் போனா."

"கடைய மூடிட்டாவளே."

"ஆமா," என்றேன்.

அம்மா சட்டியில் மிச்சமிருந்த குழம்பைத் தட்டு போட்டு மூடினாள். நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டாள். அதில் உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்து, எனக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள்.