வாளியில் மிதந்த பந்து

மாயவரத்துக் கடைக்குக் கிரிக்கெட் பந்து வாங்கப் போன இராஜாங்கம், ஒரு வாளித் தண்ணீர் கேட்டான். கடைக்காரர் நாகரத்தினம் சிரித்துவிட்டார்.

“தம்பி, பந்தா வேணும், விதைநெல்லா?”

விதைநெல்லில் மிதப்பதைக் கழிப்பதுதான் அவனுக்குத் தெரிந்த சோதனை. பகலில் அறுப்பு, மாலையில் டைப்ரைட்டிங் வகுப்பு என்று ஓடினாலும், வீசும் பந்தையெல்லாம் நோட்டில் குறித்துவைப்பான். வாய்க்கால் கரையில் தன் பழைய பந்தைத் தனியாக வீசினால் நேராகப் போகும். ஆட்டத்தில் வேறு பந்தை வீசினால் பாதி வைடு. தான் பயந்தாங்கொள்ளி என்றே முடிவுகட்டியிருந்தான். மிராசுதாரோடு இருந்த கூலித் தகராறு தீர்ந்து, அவர் நெற்களத்தில் ஞாயிறன்று ஊர்ப் பையன்கள் முதன்முறையாக ஆடப்போகிறார்கள். அதிலும் பாதி வைடு போட்டால் அவனுக்கு அணியில் இடமில்லை. அவனை விட்டுக்கொடுக்காமல் கூட வந்தவன் கேப்டன் கோவிந்தராசு ஒருவன்தான்.

வாளியில் போட்ட பந்துகள் எல்லாம் மிதந்தன.

“அத்தனையும் பதருடா, கெளம்பு” என்றான் கோவிந்தராசு.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இராஜாங்கம் கையோடு கொண்டுவந்திருந்த பழைய பயிற்சிப் பந்து மட்டும், எப்படிப் போட்டாலும் உருண்டு கறுத்த பக்கத்தையே மேலே காட்டியது. புதியவை போட்டபடியே கிடந்தன.

“ஒரு பக்கம் கனமுங்க. இதுக்குத் தக்கன சாச்சு சாச்சுப் பழகுன கை, நல்ல பந்துல வைடுதான் போடும்” என்றார் நாகரத்தினம்.

“கேட்டியா? பயமும் இல்ல, பேயும் இல்ல. ஒழுங்கா ஒண்ண எடு” என்று கோவிந்தராசு அவன் முதுகில் தட்டினான்.

அசையாமல் கிடந்த பந்து ஒன்றை வாங்கிவந்து, நான்கு நாள் விடியலில் பழகினான். ஞாயிறன்று ஒரே ஒரு வைடுதான் போயிற்று. அன்று நோட்டில் பந்துக் கணக்குக்கு முன்னால் அவன் எழுதியது கோவிந்தராசுவின் பெயரை.