சாளைக்கு மட்டும்

யூஜின் கிழவனை ஆபரேஷன் முடித்து, நான் நர்ஸாக இருக்கும் ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது மாஸ்க்குக்குள் சிரித்தேன். கடைசியில் என் கையில் சிக்கினான் என்ற சிரிப்பு.

எங்கள் கடற்கரை ஊரில் கமிட்டித் தலைவனாக இருந்தவன் அவன். அவனுடைய தம்பி யாரையோ வெட்டிய வழக்கில் என் அப்பா சூசையடிமை கோர்ட்டில் உள்ளதைச் சொன்னார். அதற்காக எங்களை ஊர்விலக்கு செய்தான். யாரும் பேசக் கூடாது, கடையில் உப்புகூடத் தரக் கூடாது. அப்பா செத்தபோது கோயிலில் சாவு மணி அடிக்க விடவில்லை. மணி கேட்டால்தான் எங்கள் ஊரில் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சாவு வீட்டுக்கு வருவார்கள். மணியும் இல்லை, ஆளும் இல்லை. பெட்டியைச் சுமந்தது அம்மாவும் நானும் தங்கச்சியும் ஒரு வேன் டிரைவரும்.

பெரிய ஆபரேஷன் முடிந்த வயசாளிகளுக்கு ஐ.சி.யூ.வில் புத்தி கலங்கிப்போவது உண்டு. பகலும் இரவும் தெரியாது, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். இவனுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது. கலங்கிவிட்டால் தப்பித்துவிடுவான். நான் சொல்லப்போவதை முழுப் புத்தியோடு அவன் கேட்டாக வேண்டும்.

டாக்டர் சொல்லியிருந்த முறைகளில் ஒன்றைக்கூட விடவில்லை. அவன் மகனிடம் கேட்டுக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் வாங்கி மாட்டிவிட்டேன். காலையில் திரையை விலக்கி வெளிச்சம் படவைத்தேன். என்ன கிழமை, எந்த இடம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தாங்கிப் பிடித்து நடக்கவைத்தேன். அவன் தூங்கும் நேரத்தில் யாரையும் சத்தம் போட விடவில்லை. கூட வேலை பார்க்கும் பிரிஜா என்னைப் பற்றி, செசிலி சொந்த அப்பனைப் போலப் பார்க்கிறாள் என்று எல்லோரிடமும் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, எழுத்துகளைச் சொல்லி ஓர் எழுத்துக்கு மட்டும் நம் கையை அமுக்கச் சொல்வோம். கடற்கரை ஆட்கள் என்றால் எழுத்துக்குப் பதில் மீன் பெயர். சாளை என்றால் மட்டும் அமுக்க வேண்டும். கிழவன் ஒருமுறையும் தவறவில்லை.

வார்டுக்கு மாற்றும் நாள் காலையில் அவனே என் கையைப் பிடித்தான்.

“மக்கா, நீ யாருக்க பிள்ளை? ஒனக்கு ஒரு கொறவும் வராது.”

மாஸ்க்கைக் கழற்றினேன்.

“சூசையடிமைக்க மவ. மணி அடிக்காமப் பொதச்ச சூசையடிமைக்க மவ.”

கிழவன் என்னையே பார்த்தான். பிறகு பார்வையைச் சுவருக்குத் திருப்பி, தண்ணீர் ஏறி வருகிறது, வள்ளத்தைப் பிடியுங்கள் என்று முனக ஆரம்பித்தான். கலங்கிவிட்டானா? இத்தனை பாடும் வீணா?

அவன் கையை எடுத்து என் கைக்குள் வைத்தேன்.

“அயிலை,” என்றேன். “நெத்திலி. வாளை. சாளை.”

அமுக்கினான். பழகிய கை. அப்புறம்தான் நடிப்பு குலைந்தது உறைத்து, கையை வெடுக்கென்று இழுத்தான்.

“புத்தி நல்லாத்தான் இருக்கு. கேளும்.”

பெட்டியின் பாரம் தாங்காமல் அம்மா மணலில் விழுந்ததைச் சொன்னேன். மணிக்கயிற்றைப் பிடிக்க ஓடிய தங்கச்சியை அவன் ஆட்கள் தள்ளிவிட்டதைச் சொன்னேன். கிழவன் அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. காதுக் கருவியைக் கழற்ற அவன் கை மேலே போனது. அந்தக் கையைப் பிடித்து மெத்தைமேல் வைத்து அமுக்கிக்கொண்டு, முதலிலிருந்து திரும்பவும் சொல்லத் தொடங்கினேன்.